நாலாம் கட்டிலும் எங்கள் கைகளும்

எங்கள் தொழிலில் விட்ட பிழை கண்ணுக்குத் தெரியாது. தெரியவரும்போது அது இன்னொருவரின் காய்ச்சலாக இருக்கும். கழுவிக் கழுவி விரலிடுக்கெல்லாம் வெடித்துப்போனவர்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். நான் ஆஸ்பத்திரியில், அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் சிற்றூழியன். நோயாளியைத் துடைக்கிறது, புரட்டிவிடுகிறது, கட்டில் துப்புரவாக்குகிறது என் பாடு.

உறை போட்ட கை

பருத்தித்துறைக் கடற்றொழிலாளி ஒருவர் நாலாம் கட்டிலில் நினைவில்லாமல் கிடந்தார். காலில் திருக்கை மீனின் முள் ஏறிய புண். கிருமி இரத்தத்தில் கலந்துவிட்டது. இன்னொரு கிருமி தொற்றினால் ஆள் தாங்காது என்றிருந்தார் பெரிய டொக்டர்.

நான் மூன்றாம் கட்டில்காரரைத் துடைத்த உறையோடே இவரிடம் போய்விட்டேன். உறை போட்டிருக்கிறேனே என்ற துணிவு. தாதி மிஸி, என் மகளின் வயசுப் பிள்ளை, குறுக்கே வந்து நின்றாள். சத்தம் போடவில்லை.

"அண்ணை, உந்த உறை உங்களைக் காப்பாத்தும். இவரை ஆர் காப்பாத்துறது?"

பெரிய டொக்டர்

கை கழுவிக்கொண்டு நாலாம் கட்டிலடிக்கு வந்த பெரிய டொக்டருக்கு போன் அடித்தது. எடுத்துக் கதைத்தார், சட்டைப்பைக்குள் போட்டார், அதே கையைப் புண்ணடிக்குக் கொண்டுபோனார். எட்டாம் வகுப்போடு நின்ற என் வாய் சும்மா கிடக்கவில்லை. "சேர், கை" என்றுவிட்டேன்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வேலை போச்சு என்றுதான் நினைத்தேன். அவர் திரும்பிப் போய், பெருவிரலை ஒருதரம், நகக்கண்ணை ஒருதரம் என்று சின்னப்பிள்ளை மாதிரிக் கழுவிவிட்டு வந்தார்.

"இனியும் மறந்தால் சொல்லுங்கோ அண்ணை. சொல்லாட்டித்தான் கோவிப்பன்."

கண்ணாடிக்கு வெளியே

கடற்றொழிலாளியின் மனைவி ஒன்பது நாளாய்க் கண்ணாடிக்கு வெளியே நின்றார். கையில் கோயில் திருநீறு மடித்த கடதாசிச் சரை. உள்ளே விட்ட அன்று, எப்படிக் கழுவுவது என்று காட்டிக்கொடுக்க மிஸி வாயெடுக்க முன்னம், அவரே சரையை என்னிடம் தந்துவிட்டுத் தொட்டியடிக்குப் போனார். உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, மணிக்கட்டு. ஒன்றும் தப்பவில்லை. ஆர் பழக்கினது என்று மிஸி கேட்டாள்.

"வெளியிலை நிண்டு என்னத்தைப் பாத்தனான் எண்டு நினைக்கிறியள் பிள்ளை? உங்கடை கையளைத்தான்."

வாட்டுக்குப் போன நாள்

நாலாம் கட்டில்காரர் பிழைத்தார். சாதாரண வாட்டுக்குத் தள்ளிக்கொண்டு போகையில் என் கையைப் பிடித்துக்கொண்டார். கிருமி கொல்லும் மருந்தைக் கையில் தேய்த்து, அந்த ஈரம் காயாமல் நின்றேன்.

"கண் திறக்கேலாமல் கிடக்கேக்கை ஒருத்தரின்ரை முகமும் தெரியாது அண்ணை. குளிர்ந்த கை பட்டால், எங்கடை ஆக்கள் வந்திட்டினம் எண்டு தெரியும்."

தோலுரிந்த இந்தக் கையைக் கண்டு வீட்டில் மனைவி முகம் சுழிக்கிறாள். நாலாம் கட்டிலில் இன்னொரு கிருமி தொற்றவில்லை என்பதற்கு என்னிடம் இருக்கிற ஒரே அத்தாட்சி இதுதான் என்று அவளுக்கு எப்படி விளங்கப்படுத்துவது.