இடதுக்கு ஆறு, வலதுக்கு ஏழு

கோவிந்தாபுரம் செக்போஸ்ட்டிலிருந்து கொல்லங்கோட்டுக்குப் போகும் சாலையில் எங்கள் முதலாளி நூஹுவின் செருப்புக்கடை இருக்கிறது. பதினொரு வருடமாக அங்கே வேலை பார்க்கிறேன். கடையில் இரண்டு சட்டங்கள். ஒன்று, ஜோடியைப் பிரிக்கக் கூடாது. ஒற்றைச் செருப்பை நாய் கவ்விப்போன ஈஸ்வரன் வந்து கெஞ்சியபோதுகூட முதலாளி ஜோடியாகத்தான் விற்றார். இரண்டாவது, விற்காத சரக்கு வீட்டுக்குப் போகும். இந்த இரண்டாவது சட்டத்தை முப்பத்தைந்து வருடமாகக் காலில் சுமந்தவர் அவர் மனைவி ஐசும்மாக்கா.

பத்தொன்பது வயதில் கல்யாணமாகி வந்தவர் அவர். அன்றிலிருந்து தனக்கென்று ஒரு செருப்பைத் தேர்ந்தெடுத்ததே இல்லை. ஊரார் வேண்டாமென்று ஒதுக்கியதெல்லாம் அவர் காலுக்கு வரும். மழைக்காலத்தில் ஜரிகை வைத்த கல்யாணச் செருப்பு, சித்திரை வெயிலில் உள்ளே கம்பளி வைத்தது. ஒரு வருடம் முழுக்க, நடந்தால் கீச்சென்று கத்தும் ஒன்று. "அவ எங்க போறான்னு எனக்குத் தெரியுமில்ல," என்று முதலாளி அதையும் நியாயப்படுத்தினார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். அக்கா சிரித்துக்கொண்டே போட்டுக்கொண்டு போவார்.

ஒன்பது வருடம் முன்பு அவருக்கு முடக்குவாதம் வந்தது. காலையில் எழுந்தால் கைவிரல்கள் மடங்காது. வலது பாதம் அகன்று, விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. அப்போதும் வீட்டுக்குப் போனது விற்காத சரக்குதான். போன மழைக்காலத்தில் குழாயடியில் வழுக்கிக் கையை ஊன்றினார். மணிக்கட்டு உடைந்தது. அன்று காலில் இருந்தது, அடிப்பாகம் வழவழவென்று இருக்கிறது என்று யாருமே வாங்காத மாடல்.

பாலக்காட்டு டாக்டர் ஸ்கேன் பார்த்துவிட்டுச் சொன்னதை அக்கா என்னிடம் ஏழெட்டு முறை சொல்லிவிட்டார். இந்த வாதம் மூட்டோடு நிற்காதாம், எலும்பையும் மெலிய வைக்குமாம். வருடக்கணக்காகத் தின்ற ஸ்டீராய்டு மாத்திரையும் அதோடு சேர்ந்துகொண்டதாம். எலும்புக்கு மருந்து எழுதியவர், இன்னொரு முறை விழுந்தால் இடுப்பெலும்பு போனாலும் போகும், அப்புறம் படுக்கைதான் என்றாராம். பிறகு மேசைக்குக் கீழே குனிந்து பார்த்திருக்கிறார். அக்கா காலில் எட்டாம் நம்பர் தங்க நிறச் செருப்பு, முன்னால் கட்டைவிரல் அகலத்துக்குக் காலி இடம்.

நல்ல பிடிப்போடு, காலுக்குச் சரியான அளவில், வீட்டுக்குள்ளேயும் போடுகிற மாதிரி ஒன்று வாங்கித் தரச் சொன்ன டாக்டர், முதலாளியிடம் என்ன தொழில் என்று கேட்டாராம். வியாபாரம் என்றாராம் இவர். என்ன வியாபாரம் என்று கேட்டதும் முதலாளி ஜன்னல் வழியே வெளியே பார்க்க ஆரம்பித்துவிட்டார். அக்காதான் பதில் சொல்லியிருக்கிறார்: "செருப்புக்கடைங்க."

மறுநாள் காலை ஐசும்மாக்கா கையில் மாவுக்கட்டோடு கடைக்கு வந்து, வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்தார். "வனிதா, நல்லதா எடுத்துக் காட்டு," என்றார். நான் நகர்வதற்குள் முதலாளியே முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

பதினேழு பெட்டி திறந்தது. பக்கிள் வைத்ததெல்லாம் வேண்டாம், விரலால் மாட்ட முடியாது. கடைசியில் ஒட்டுகிற பட்டை வைத்த, அடியில் வரிவரியாகப் பிடிப்புள்ள கருப்புச் செருப்பு பிடித்தது. இடது காலுக்கு ஆறாம் நம்பர் கச்சிதம். வலது காலுக்கு அந்த ஆறு ஏறவே இல்லை, ஏழு ஏறியது. அதே ஏழாம் நம்பரை இடது காலில் போட்டால் லொடலொடவென்று ஆடியது.

முதலாளிக்கு வியர்த்தது. "ஏழாம் நம்பரையே போட்டுக்கோ ஐசு. இடதுக்குப் பஞ்சு வெச்சுத் தர்றேன்."

"ஏனுங்க, இடுப்பு ஒடஞ்சா அதுக்கும் பஞ்சு வெச்சுத் தருவீங்களா?"

முதலாளி இரண்டு பெட்டிகளையும் மடியில் வைத்துக்கொண்டார். பிறகு ஆறிலிருந்து இடதை எடுத்தார். ஏழிலிருந்து வலதை எடுத்தார்.

எந்தப் பெண் வந்தாலும் பாதத்தில் விரல் படாமல் செருப்பு மாட்டிவிடுவதில் அவர் கெட்டிக்காரர். அன்று அந்தக் கெட்டிக்காரத்தனம் செல்லவில்லை. அக்காவின் வலது பாதத்தைக் கையில் ஏந்தினால்தான் செருப்பு ஏறும். ஏந்தினார். விரல்கள் இருந்த கோலத்தைப் பார்த்தார். பட்டையை ஒட்டினார், பிரித்தார், இளக்கி மறுபடி ஒட்டினார்.

"வலிக்குதா?"

"இப்ப இல்லீங்க."

எழுவதற்கு வழக்கம்போல் முதலாளி அக்காவிடம் கை நீட்டினார். மாவுக்கட்டு கண்ணில் பட்டதும் கையை இழுத்துக்கொண்டு, நாற்காலியைப் பிடித்து எழுந்தார்.

"மிச்சம் ரெண்டையும் என்னங்க பண்றது, மொதலாளி?" என்று கேட்டேன்.

வாசல் வரை நடந்து பார்த்துத் திரும்பிய அக்காதான் பதில் சொன்னார். "விக்காத சரக்கு ஊட்டுக்குத்தானுங்களே வரும். நீங்க போட்டுக்குங்க."

முதலாளியின் கால் ஒன்பதாம் நம்பர். வலதில் ஆறு, இடதில் ஏழு என்று, குதிகால் வெளியே தொங்க, வீட்டில் இப்போது அதைத்தான் போட்டுக்கொண்டு நடக்கிறார். ஐசும்மாக்கா அதற்குப் பிறகு விழவில்லை. முதலாளி குழாயடிக்குப் போகும்போது மட்டும் அக்கா பின்னாலேயே போய், "பாத்துப் போங்க, விழுந்து வெக்காதீங்க," என்கிறாராம்.