மிஸஸ் கருப்பையா

அல் ஐன் பஸ் நிலையத்தில் மதியம் ஒன்றரை மணிக்கு வரிசையில் நின்றோம். நவம்பர் மாசம், வியாழக்கிழமை. வெயில் தாங்கும்படி இருந்தது. துபாய்க்கு ஆளுக்கு இருபத்தைந்து திர்ஹாம், நோல் அட்டையை இயந்திரத்தில் ஒத்திவிட்டு ஏற வேண்டும். என் மனைவி வளர்மதி அட்டையைத் தலைகீழாகப் பிடித்து ஒத்திக்கொண்டே நின்றாள். ஓட்டுநர் பெஷாவர்க்காரர். "பாய், ஜல்தி, யல்லா!" என்று என்னைத்தான் விரட்டினார், அவளை ஒன்றும் சொல்லவில்லை. பெண்களுக்கு முன்வரிசை தனி என்பதால் அவள் முன்னால் உட்கார்ந்தாள், நான் பின்னால். கல்யாணமாகி இருபத்து நான்கு வருஷம். அதில் இருபத்திரண்டு வருஷம் இப்படித்தான், நடுவில் கடல் இருந்தது.

போனது ஒரு சாப்பாட்டுக்கு. சாப்பாட்டுக்காக நூற்றைம்பது கிலோமீட்டரா என்று கேட்பீர்கள். பதினோரு வருஷத்துக்கு முன் நான் டக்ட் வேலை பார்த்தபோது, துபாயில் ஒரு பெரிய ஹோட்டலின் மேல்மாடி உணவகத்துக்கு ஏசி குழாய் ஓட்ட அனுப்பினார்கள். மூன்று மாசம் சாரத்தின் மேலேயே கிடந்தேன். மதியம் சிமெண்ட் மூட்டையில் உட்கார்ந்து குபூஸ் ரொட்டியைத் தின்றுகொண்டே, கீழே ஊருக்குள் வரும் கடல்கழியான க்ரீக்கைப் பார்ப்பேன். ஒருநாள் அங்கிருந்தே வளர்மதிக்குப் போன் போட்டு, "ஒன்னய இங்க கூட்டியாந்து ஒக்கார வச்சு சோறு போடுறேன் பாரு" என்று சொல்லிவிட்டேன். "ஆகட்டும், பாப்போம்" என்றாள்.

அவள் வர வழியில்லாமல் போனது. அறந்தாங்கிப் பக்கத்தில் எங்கள் வீட்டில் என் அப்பாவைப் பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லை. அவர் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆன பிறகுதான் அவளுக்கு ஒரு மாச விசிட் விசா எடுத்தேன். வருகிற மார்ச்சில் நானும் விசாவை கேன்சல் பண்ணிவிட்டு ஊருக்கே போகிறேன். அதன் பிறகுதான் நாங்கள் ஒரே வீட்டில் புருஷன் பெண்டாட்டியாக இருக்கப் போகிறோம். அதற்கு முன் இந்த ஒரு சாயங்காலமாவது குறையில்லாமல் அமைந்துவிட்டால், பழையதையெல்லாம் அவள் மறந்துவிடுவாள் என்று எனக்கு ஒரு நப்பாசை. உள்ளதைச் சொல்கிறேன்.

மூன்றே முக்காலுக்கு துபாயின் அல் குபைபா பஸ் நிலையத்தில் இறங்கினோம். அங்கிருந்து கராமாவில் இருக்கும் என் சிநேகிதன் நாகராஜ் வீட்டுக்கு, உடை மாற்ற. அவன் அங்கே ஒரு சைவ ஹோட்டலில் தோசை மாஸ்டர். ஆளுக்கு நானூற்றுத் தொண்ணூற்றைந்து திர்ஹாம் சாப்பாடு என்றதும் நெஞ்சில் கை வைத்தான்.

"யோவ், எங்க கடையில பதினஞ்சு திர்ஹாமுக்கு அளவில்லாத சாப்பாடு. ஒரு மாசம் திங்கலாமே! அங்க என்னத்தயா போடப்போறான்?"

"ஏழு வகையாம் அண்ணே" என்றாள் வளர்மதி. அன்றைக்கு அவள் முகத்தில் இருந்த சிரிப்பை நான் கல்யாணப் போட்டோவில்தான் பார்த்திருக்கிறேன். மயில்கழுத்துப் பச்சையில் பட்டுச்சேலை, தலை நிறைய பூ. கராமாவில் மல்லிகை கிடைக்கும், விலை மட்டும் கேட்கக்கூடாது.

ஆறே முக்காலுக்கு டாக்ஸி, பதினெட்டு திர்ஹாம். லிஃப்ட் மேலே போய்த் திறந்தது. வாசலில் நின்ற பிலிப்பைன்ஸ் பெண் கணினியில் என் பதிவைப் பார்த்துவிட்டு, வாயெல்லாம் பல்லாக, "வெல்கம், மிஸ்டர் கருப்பையா!" என்றது. அடுத்து வளர்மதியைப் பார்த்து, "வெல்கம், மிஸஸ் கருப்பையா!"

வளர்மதி அப்படியே நின்றுவிட்டாள்.

"யாரைச் சொல்லுது இந்தப் புள்ள?"

கருப்பையா என் அப்பா. நம் ஊரில் கே. முருகேசன் என்று இனிஷியலோடு முடிந்துவிடும். பாஸ்போர்ட்டில் இனிஷியல் செல்லாது, அப்பா பெயரைக் கடைசியில் போட்டுவிடுவான். இந்த நாட்டில் கடைசிப் பெயர்தான் பெயர். என் சம்பளச் சீட்டில், ஆஸ்பத்திரியில், எல்லா இடத்திலும் இருபத்திரண்டு வருஷமாக நான் மிஸ்டர் கருப்பையாதான். பழகிப்போய், பதிவு பண்ணும்போதும் கடைசிப் பெயர் என்ற கட்டத்தில் அதையே அடித்தேன். அந்தப் பெயர் அவள் காதில் விழும் என்கிற நினைப்பே எனக்கு வரவில்லை.

"அப்ப நான் ஒங்க அப்பாவுக்குப் பொண்டாட்டியா?" என்று சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை.

காரணம் உண்டு. நாங்கள் சாதி மாறிக் கட்டிக்கொண்டவர்கள். அப்பா எங்களை வீட்டைவிட்டுத் துரத்தவில்லை, அதை ஊரே பெருமையாகச் சொல்லும். ஆனால் அவள் சமைத்ததை அவர் ஒருநாளும் வாயில் வைத்ததில்லை. அவள் மொண்டு கொடுத்த தண்ணீர்கூட ஆகாது. நாலு வீடு தள்ளி இருக்கும் என் அத்தை வீட்டிலிருந்து மூன்று வேளையும் தூக்குவாளி வரும். படுக்கையில் விழுந்த பிறகு பீ மூத்திரம் அள்ளியது வளர்மதிதான். அதற்கு அவள் கை ஆகும், கஞ்சி ஊட்டத்தான் ஆகாது.

ஜன்னலோர மேஜை. கீழே க்ரீக்கில் படகு விளக்குகள். "மேல பாரு, அந்தக் கம்பிக்குப் பின்னாடி ஓடுறது நான் போட்ட டக்ட்" என்று காட்டினேன். நிமிர்ந்து பார்த்தாள். "காத்து நல்லாத்தான் வருது" என்றாள். அந்த ஒரு நிமிஷம் எனக்கு எல்லாம் சரியாகிவிட்ட மாதிரி இருந்தது.

பரிமாற வந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர், முப்பத்தைந்து வயசு இருக்கும். எங்கள் பேச்சைக் கேட்டதும் தமிழுக்கு மாறினார். "மிஸ்டர் கருப்பையா, இது முதலாவது கோர்ஸ்." ஆள் சம்மணம் போட்டு உட்காரலாம், அவ்வளவு பெரிய தட்டு. நடுவில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு மீன் உருண்டை. இரண்டாவது வந்தது. "மிஸஸ் கருப்பையா, சூடு, கவனம்." மூன்றாவது, நாலாவது. ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு கருப்பையா. மரியாதையாம்! அவள் ஒவ்வொரு முறையும் கரண்டியை வைத்துவிட்டு, கொஞ்சம் பொறுத்து எடுத்தாள்.

ஐந்தாவது தட்டில் கேட்டாள். "ஏங்க, எம் பேரு வளர்மதின்னு அவருகிட்ட சொல்லுங்களேன். தமிழ்க்காரருதான?"

சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் சொன்னது இதுதான்: "விடு வளரு. நல்ல நாளும் அதுவுமா. அவங்களுக்கு என்ன தெரியும்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. இருபத்திரண்டு வருஷம் போனில் அவள் அழுதபோதெல்லாம் நான் சொன்னதும் அதே "விடு"தான். விடு, பெரியவரு. விடு, இன்னும் எத்தனை நாளைக்கு. அவளும் விட்டுக்கொண்டே வந்தாள்.

ஏழாவது இனிப்பு. கல்யாண நாள் என்று நான் பதிவில் எழுதியிருந்தேன். விளக்கைக் குறைத்து, நாலு பேர் கைதட்டிக்கொண்டு வந்து வைத்தார்கள். சாக்லேட்டில் இங்கிலீஷ் எழுத்து, அழகான கையெழுத்து. ஹாப்பி ஆனிவர்சரி, மிஸ்டர் அண்ட் மிஸஸ் கருப்பையா. பக்கத்து மேஜைக்காரர்களும் கைதட்டினார்கள். வளர்மதி எழுத்துக் கூட்டிப் படித்தாள். அவளுக்கு அந்த அளவு இங்கிலீஷ் வரும். தட்டை ஒரு விரலால் என் பக்கம் தள்ளினாள்.

"அக்கா, ஏன் சாப்பிடேல்ல? பிடிக்கேல்லையோ?" என்றார் யாழ்ப்பாணத்துக்காரர்.

"ஒங்க மேல குத்தமில்ல தம்பி. இதுல பேரு எழுதியிருக்கே, அந்த ஆளு நான் தொட்டதத் திங்க மாட்டாரு. அதான் நானும் தொடல."

அந்த மனிதர் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். அவரைப் பொறுத்தவரை கருப்பையா நான்தானே! 'சீ, நீயெல்லாம் ஒரு மனுஷனா' என்று அந்தப் பார்வையில் எழுதி ஒட்டியிருந்தது. நான் இல்லை, அது என் அப்பா என்று சொல்ல வாயெடுத்தேன். வளர்மதி சொல்லுவாள் என்று காத்திருந்தேன். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எட்டே முக்காலுக்கு டாக்ஸியில் ஏறியதும் பொரிந்து தள்ளினேன். "அந்த ஆளு என்னயத் தப்பா நெனைக்கிறான். எங்க மாமனாருன்னு ஒரு வார்த்த சொன்னா என்னவாம்?"

"விடுங்க" என்றாள்.

கொஞ்ச தூரம் போன பிறகு அவளாகவே பேசினாள். குரல் உயரவில்லை. "அவரு திங்காதது எனக்குப் பெருசில்ல. அவரு வயசு, அவரு புத்தி. நீங்க லீவுல வந்தப்பல்லாம் மொத நாளு அவரு பக்கத்துல ஒக்காந்து அத்த வீட்டுத் தூக்குவாளிச் சோத்தத் தின்னீங்களே. நான் விடிஞ்சதுலேருந்து கொழம்பு வச்சுட்டு அடுப்படியில நின்னுக்கிட்டிருப்பேன். ரெண்டாம் நாளு வந்து என்கிட்ட சாப்பிடுவீங்க. ஒரு தடவ இல்ல, எட்டு லீவு. இப்ப அந்தத் தம்பி தப்பான ஆளையா பாத்தாரு?"

அப்பா மனசு நோகக்கூடாது என்றுதான் செய்தேன். இதை அவளிடம் சொன்னால், யார் மனசு நோகலாம் என்று நான் முடிவு பண்ணியிருந்தது அதில் தெரிந்துவிடுமே.

ஒன்பது நாள் கழித்து துபாய் விமான நிலையத்தில் அவளைத் திருச்சி விமானத்துக்கு ஏற்றிவிட்டேன். பெட்டி முப்பது கிலோ, சரியாக இருந்தது. உள்ளே போகும் வாசலில் நின்று கேட்டாள்.

"மார்ச்சுல வந்துருவீங்கள்ல?"

"வந்துருவேன்."

"முருகேசன் வந்தா ஆக்கிப்போட நான் இருக்கேன்னு அத்த இப்பவே ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்கு. எந்த வீட்டுல சாப்பிடுறதுன்னு முடிவு பண்ணிட்டு ஏறுங்க."

"இதுல என்ன கேள்வி? ஒன் கையாலதான்."

"என்கிட்ட நல்லாத்தான் சொல்லுவீங்க. அத்தகிட்ட சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

அல் ஐன் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. இருபத்திரண்டு வருஷமாக இந்தப் பாதையில் மணலைப் பார்த்துக்கொண்டு போகும்போதெல்லாம், ஊருக்குப் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொள்வேன். ஊரில் சரியில்லாமல் இருந்ததில் பாதி நான்தான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. இன்றைக்கே சொல்லிவிடுவது என்று அத்தைக்கு போன் போட்டேன். போன் ரெண்டு தடவை அடிப்பதற்குள் எடுத்துவிட்டது.

"என்னய்யா முருகேசா, சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன் அத்தே" என்று சொல்லி வைத்துவிட்டேன்.