எண்பதில் நடுங்கிய வண்டி

அந்த நாட்களில் எங்கள் பிக்கப் வண்டி எழுபது வரை ஒழுங்காக ஓடும். எண்பதைத் தொட்டால் நடுங்கும். கல்யாணச் சமையல் பாத்திரங்களை ஆக்ராவுக்குக் கொண்டுபோக வேண்டிய வாரத்தில், இதை ஓட்டமாட்டேன் என்று டிரைவர் சொல்லிவிட்டார். இரண்டு பட்டறைகளில் முன்சக்கரங்களைப் பார்த்தும் பயனில்லை.

தில்லியிலேயே, முனிர்காவில் ஒரு தமிழ் மெக்கானிக் இருப்பதாகச் சொன்னார்கள். குள்ளமான மனிதர், காதுவரை மஃப்ளர். ஜனவரிக் குளிரிலும் பட்டறை வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் என் பக்கத்தில் ஏறினார். தொழில் பக்தி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஜெய்ப்பூர் சாலையில் எண்பதைத் தொட்டதும் கண்ணை மூடினார்.

"ஸ்டியரிங் ஆடுதா சார்?"

"பெரிசா இல்ல. சீட்டுதான் அதிருது."

"அச்சா. எனக்கும் உள்ளங்கால்ல ஏறுது. பின்சக்கரம்தான். செருப்புப் போட்டிருந்தா இது தெரியாதுல்லா?"

பக்தி என்று நினைத்ததற்கு எனக்கே வெட்கமாக இருந்தது.

ஓரமாக நிறுத்தச் சொல்லி, வண்டிக்கு அடியில் புகுந்தார். பின்சக்கரத்தின் உட்புறத்தில், ஒரே பக்கம் எடை கூடும்படி, மழைக்காலச் சேறு காய்ந்து கல்லாகியிருந்தது. ஸ்க்ரூடிரைவரால் சுரண்டி எடுத்தார். திரும்பும்போது தொண்ணூறிலும் வண்டி நடுங்கவில்லை.

பட்டறையில் இறங்கியதும் செருப்பை மாட்டிக்கொண்டு, சக்கரங்களைக் கழற்றிச் செங்கல்மேல் நிறுத்தியிருந்த ஒரு ஜீப்பை நோக்கி நடந்தார். ஏறுமுன் செருப்பைக் கழற்றி, இரண்டையும் சேர்த்து ஓரமாக வைத்தார்.

அசையவே முடியாத வண்டியில் உள்ளங்காலுக்கு என்ன தெரியப்போகிறது?