வரதன் சாரும் இரண்டு லட்சுமிகளும்

வரதன் சார் போய்விட்டார் என்று பழைய அலுவலகக் குழுவின் மின்னஞ்சலில் செய்தி வந்தபோது நான் கேன்டீனில் தோசைக்காக நின்றிருந்தேன். மாரடைப்பாம். படித்தேன், தோசையை வாங்கினேன், சாப்பிட்டேன். சாயங்காலத்துக்குள் உங்கள் இரங்கல் கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. மேதை என்கிறீர்கள், வழிகாட்டி என்கிறீர்கள். அடேயப்பா! அவர் அறைக்குப் போக வேண்டும் என்றாலே காய்ச்சல் என்று லீவு போட்டவர்கள்தானே நீங்கள்? செத்தவரைக் குறை சொல்லக் கூடாதாம். நான் சொல்லப் போகிறேன். பிடிக்காதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நான் அங்கே சேர்ந்தது இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருடம் கழித்து. நேர்முகத் தேர்வில் என் படிப்பைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. "எந்த ஏரியா?" என்றார். "ஜோகுபாளையம், சார்." புருவத்தைத் தூக்கினார். "ஓ, அல்சூர் பக்கமா? அங்கல்லாம் கம்ப்யூட்டர் படிக்கிறாங்களா?" திருச்சியிலிருந்து நேற்று பஸ் ஏறி வந்த மனிதர், மூன்று தலைமுறையாக இந்த ஊரில் இருக்கும் குடும்பத்துப் பெண்ணைக் கேட்கிறார். "கரன்ட்டுகூட வந்திருச்சு சார்" என்றேன். சிரிக்கவில்லை. ஆனாலும் வேலை கொடுத்தார், அதை நான் மறைக்கவில்லை.

வேலை தெரிந்தவர் என்பதையும் மறைக்கவில்லை. நாங்கள் எழுதியதை அச்செடுத்து மேஜையில் பரப்பி, சிவப்புப் பேனாவால் ஒரு வரியைத் தட்டுவார். பிழை அங்கேதான் இருக்கும். அந்தத் திறமையோடு கொஞ்சம் மனிதத்தனமும் இருந்திருந்தால் இன்று நானும் உங்களோடு சேர்ந்து அழுதிருப்பேன்.

அடுகோடியில் ஒரு ஆயத்த ஆடைத் தொழிற்சாலைக்கு மருத்துவத் திட்ட மென்பொருள் செய்தோம். எங்கள் நிரலில் ஒவ்வொரு தொழிலாளிக்குள்ளும் அவரைச் சார்ந்தவர்களின் தொகுப்பு ஒன்று இருக்கும். தரவுத்தளத்தில் தொகுப்பு என்று எதுவும் கிடையாது, அட்டவணைகள்தான். இதை அதில் எப்படிப் பிரித்து எழுதுவது, திரும்ப எப்படிச் சேர்ப்பது என்று தீர்மானிப்பதுதான் எங்கள் பிழைப்பு. வரதன் சார் அந்தத் தொகுப்பை 'செட்' ஆக்கினார். பள்ளிக்கூடக் கணக்கில் படித்த அதே கணம்தான், ஒரே உறுப்பு அதில் இரண்டு முறை வராது. பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருந்தால் ஒரே ஆள் என்று விதியும் எழுதினார். ஒவ்வொருவருக்கும் தனி எண் கொடுக்க வேண்டாமா என்று கேட்டேன்.

"டிபென்டன்ட்டுக்கு எதுக்கும்மா தனி ஐடி? அவங்க எம்ப்ளாயியோட வெறும் வேல்யூ. அவங்களுக்குன்னு தனியா ஒரு இருப்பு கிடையாது."

"ஸ்வல்ப யோசிச்சுப் பாருங்க சார். வயசானவங்களுக்குப் பிறந்த தேதி யாருக்குத் தெரியும்? எல்லாருக்கும் ஜனவரி ஒண்ணுன்னு போட்டுடறாங்க. பேரும் ஒண்ணா இருந்துட்டா?"

"ஒரே வீட்டுல, ஒரே பேரு, ஒரே தேதியா? போம்மா, போய் வேலையப் பாரு."

அப்படி ஒரு வீடு இருந்தது. தையல் பிரிவில் இருந்த செல்வியின் அம்மா பெயர் லட்சுமி. மாமியார் பெயரும் லட்சுமி. இருவருக்கும் தொழிற்சாலை எழுத்தர் குத்துமதிப்பாக ஒரே வருடத்து ஜனவரி ஒன்றைப் போட்டிருந்தார். பழைய பதிவுகளை நேராக அட்டவணையில் ஏற்றியபோது இருவரும் தனித்தனி வரியாக இருந்தார்கள். பிறகு செல்வி வீடு மாறினாள். புது விலாசத்தைப் போட்டுச் சேமித்ததும், மென்பொருள் அவளைச் சார்ந்தவர்களின் வரிகளை எல்லாம் அழித்துவிட்டுத் தன் கையிலிருந்த தொகுப்பை மறுபடி எழுதியது. வரதன் சாரின் விதிப்படி இருவரும் ஒரே ஆள் என்பதால் அதில் ஒரு லட்சுமிதான் இருந்தார், மாமியார்.

நான் தொழிற்சாலையில் இருந்த ஒரு நாள் செல்வி அழுதுகொண்டே வந்தாள். "அக்கா, அம்மாவுக்குக் கண்ணு வலி தாங்கல. செவுத்துல தலைய முட்டிக்கிறாங்க. கண்ணுல பிரஷர், உடனே பாக்கணும்னு டாக்டர் சொல்றாரு. ஆஸ்பத்திரி கவுன்டர்ல, மாமியார் லட்சுமிதான் இருக்காங்க, அம்மா இல்லன்னு திருப்பி அனுப்பிட்டாங்க."

அங்கிருந்தே அவருக்குப் போன் செய்தேன். அட்டவணையில் கை வைக்க அவருக்கு மட்டும்தான் அனுமதி. இன்றே ஒரு வரி சேருங்கள், அது மறுபடி அழியாமலிருக்கத் தனி எண் கொடுங்கள் என்று கெஞ்சினேன்.

"கோடு சரியா இருக்கு, டேட்டாதான் தப்பு. ரெண்டு கிழவிக்காக மாடலை அசிங்கப்படுத்த முடியாது. தேதியை மாத்திக்கிட்டு வரச் சொல்லு."

தேதியை மாற்றத் தொழிற்சாலை சான்று கேட்டது. பிறந்த நாளே தெரியாதவருக்குச் சான்றுக்கு அவள் எங்கே போவாள்? அலைந்து பார்த்துவிட்டு அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனாள். அங்கே முறை வந்து மருத்துவர் பார்த்தபோது வலது கண்ணில் பார்வை போயிருந்தது.

தொழிற்சாலைக்காரர்கள் கூச்சல் போட்ட பிறகு எல்லோருக்கும் தனி எண் வந்தது. மாடல் ஒன்றும் அசிங்கமாகிவிடவில்லை. அடுத்த வருடம் ஒரு பெரிய ஹோட்டலில் கருத்தரங்கு. "சமம் வேறு, அடையாளம் வேறு", அதாவது விவரம் ஒன்றாக இருந்தாலும் ஆள் ஒன்றல்ல என்று வரதன் சார் பேசினார். இன்று உங்களில் பாதிப் பேர் கண்ணீரோடு மேற்கோள் காட்டும் வாசகம் அதுதான். மேடையில் அவர் சொன்ன உதாரணம் நினைவிருக்கிறதா? "அம்மாவையும் மாமியாரையும் ஒண்ணாப் பாக்கற ஒரே ஆள் எங்க சாஃப்ட்வேர்தான்!" அரங்கமே குலுங்கியது. வெளியே வந்ததும் பிடித்துக் கேட்டேன்: "அந்தம்மாவோட கண்ணு போனதைச் சொல்லலையே, சார்?"

"சொன்னா ஆடியன்ஸ் டல்லாயிடும்மா" என்றார், காப்பியை ஊதிக்கொண்டே.

சீ என்று ஆகிவிட்டது. அந்த மாதமே வேலையை விட்டேன். இத்தனை வருடம் கழித்தும் அந்தக் குரலை நினைத்தால் எனக்கு உடம்பு எரிகிறது.

உங்கள் கடிதங்களைப் படித்து முடித்ததும் செல்விக்குப் போன் செய்தேன். "வரதன்னு எங்க ஆபீஸ்ல ஒருத்தர் இருந்தார், தவறிட்டாரும்மா" என்றேன்.

"யாருக்கா அவரு?" என்றாள். பிறகு, மரியாதைக்காக, "ஐயோ பாவம்" என்றாள். அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். "இருக்காங்கக்கா. படி இறங்கறப்போ மட்டும் யாராவது கையப் பிடிச்சுக்கணும்."

அவளுக்கு அவர் பெயரே தெரியாது. யாரும் சொல்லவில்லை, 'சிஸ்டம் தப்பு' என்று மட்டும் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். நீங்கள் அவருடைய மேதைமையை வைத்துக்கொள்ளுங்கள், சிவப்புப் பேனாவை வைத்துக்கொள்ளுங்கள். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அவருடைய பெயரை மட்டும்தான். அந்தக் கண்ணைப் பறித்தது சிஸ்டம் இல்லை, ஒரு ஆள் என்று தெரிந்தவர் ஒருவராவது இருக்க வேண்டும்.