கதவுச் சட்டத்தில் ஒரு பூஜ்யம்

மழைக்காலத்தில் செம்பூரில் எங்கள் கட்டடத்துக்கு மாநகராட்சியிலிருந்து இரண்டு பெண்கள் வருவார்கள். பூந்தொட்டித் தட்டுகளில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். பிறகு, வீட்டில் யாருக்காவது காய்ச்சலா என்று கேட்பார்கள். மற்ற வீடுகளில் கதவைக் கால்வாசி திறந்து ‘நஹி’ என்று சொல்லி மூடிவிடுவார்கள். நான் அவர்களை உள்ளே அழைத்து உட்காரவைப்பேன். என் நாலு வயது மகளுக்குப் போன வாரம் உள்ளங்கை லேசாகச் சுட்டதைச் சொல்லி, விரலில் குத்தி ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்வேன்.

“அவங்களே வேண்டாங்கறாங்க, நீ விடமாட்டேங்கறியே” என்று கணவர் சிரிப்பார். எங்களோடு இருக்கும் அம்மா சிரிப்பதில்லை. அவர்கள் வந்தாலே எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள்.

எனக்கு ஒன்பது வயதானபோது நாங்கள் தாராவியில் இருந்தோம். ஒரே அறை, ஏணி வைத்து ஏறும் மரத்தளம் ஒன்று, தளத்தின் மூலையில் நீல நிறத் தண்ணீர் டிரம். அம்மா விடியற்காலையில் இட்லி அவிப்பாள். தூக்கில் வைத்து விற்கும் ஆட்கள் வந்து வாங்கிப்போவார்கள். அப்பா, நோய்களை ஆராயும் பழைய நிறுவனம் ஒன்றில் பதிவேட்டு அறையைப் பெருக்கிப் பூட்டும் தற்காலிக வேலையில் இருந்தார். அந்த வருடம் நிரந்தரமாக்கிவிடுவார்கள் என்று பேச்சு. தம்பிக்கு நாலு வயது.

ஒரு வெள்ளிக்கிழமை அப்பா ஜன்னலை மூட மறந்துவிட்டு வந்தார். இரண்டு நாள் பேய்மழை. திங்கட்கிழமை போய்ப் பார்த்தால் ஜன்னலோரத்து அலமாரியில் இரண்டு கட்டுகள் நனைந்து கனத்திருந்தன. எல்லாம் பழைய கடிதங்கள். வெள்ளைக்காரர் காலத்தில் மலேரியாவையும் மஞ்சள் காய்ச்சலையும் பற்றி மருத்துவர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டவை. பொறுப்பாளர் ஒரு வார விடுமுறையில் இருந்தார். அவர் திரும்புவதற்குள் காய வைத்து இருந்த இடத்தில் வைத்துவிட்டால் ஒருவருக்கும் தெரியாது என்று அப்பா கணக்குப் போட்டார். கட்டுகளைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

தளத்தில் நெடுக்கும் குறுக்குமாகக் கயிறு கட்டி, துணி கிளிப்பால் ஒவ்வொரு தாளாக மாட்டினார். மேஜை விசிறி இரவும் பகலும் ஓடியது. இட்லி ஆவி பட்டால் தாள் இன்னும் பொதுமிவிடும் என்று அம்மாவின் கொப்பரை பக்கத்துச் சந்தில் இருந்த சித்தி வீட்டுக்குப் போனது. அம்மாவும் பின்னாலேயே போனாள். ஊற வைப்பது, அரைப்பது, அவிப்பது எல்லாம் அங்கேதான். சாயங்காலம்தான் வீட்டுக்கு வருவாள். “இந்த ஒரு வாரம் வெள்ளைக்காரன் கடிதாசிக்கு வீடு, எனக்குத் தெரு” என்று சொல்லிவிட்டுப் போனாள். தம்பியையும் கடிதங்களையும் பார்த்துக்கொள்ள நான் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டேன். எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. மாலையில் தாள்களைத் திருப்பிப்போடும்போது, “ஏட்டி, இதுல என்ன எழுதியிருக்கு?” என்று கேட்பார். எழுத்துக்கூட்டிச் சொல்வேன். எனக்குப் புரிந்ததெல்லாம் கொஞ்சம்தான். ஒருவர் கண்ணாடிக் குழாய் அனுப்பச் சொல்லியிருந்தார். இன்னொருவர் தன் மனைவிக்கு உடம்பு தேவலை என்று எழுதியிருந்தார். பல கடிதங்கள் மஞ்சள் காய்ச்சலைப் பற்றியவை. எங்கோ கடல் தாண்டி இருக்கிற காய்ச்சல் கப்பலேறி பம்பாய்க்கு வந்துவிடுமோ என்று அத்தனை பேர் அத்தனை வருடம் பயந்து எழுதியிருந்தார்கள்.

“வந்துச்சா?”

“தெரியலப்பா. அந்தத் தாளு இன்னும் காயல.”

அந்தக் காய்ச்சல் இந்தியாவுக்குள் பரவவே இல்லை என்று வெகுகாலம் கழித்துத்தான் படித்தேன்.

ஒரு கடிதத்தின் ஓரத்தில் யாரோ பேனாவால் கொசு ஒன்றை வரைந்திருந்தார்கள். தலை கீழே, வால் மேலே, சுவரில் உட்காருகிற அதே வாட்டத்தில். தம்பி அதைப் பார்த்ததும் “அப்பா, கொசு!” என்று பளாரென்று அடித்தான். மை இன்னும் ஈரமாக இருந்தது. கொசுவின் மேல் அவனுடைய மூன்று விரல் தடம் நீலமாக இழுவிவிட்டது. அப்பாவுக்கு முகம் வெளுத்துப்போனது. துணியால் ஒற்றிப் பார்த்தார், போகவில்லை. பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. “கொன்னுட்டல்லா, போ” என்றார்.

அப்பா எனக்கு ஒரே ஒரு கட்டளைதான் போட்டிருந்தார். “யாரு வந்தாலும் உள்ள விடாத. கார்ப்பரேசன்காரங்க வந்தா, எல்லாரும் நல்லா இருக்கோம்னு சொல்லி அனுப்பிரு. டிரம்மப் பாக்கணும்னு மேல ஏறிருவாங்க.” மாநகராட்சிக்கும் அவருடைய நிறுவனத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் அப்பாவுக்கு எல்லாம் ஒரே கவர்மெண்டு. இங்கே ஒருவர் பார்த்தால் அங்கே எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்று நம்பினார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தம்பிக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. மழையில் ஆடியதால் என்று அம்மா அவனைத் திட்டிக்கொண்டே காய்ச்சல் மருந்து ஊற்றினாள். காலையில் உடம்பு சில்லென்று ஆகிவிட்டது. வியாழக்கிழமை சாயங்காலம் மறுபடி வந்தது. வெள்ளிக்கிழமை காலையில் மறுபடி இல்லை. ரொட்டியை டீயில் தொட்டுத் தின்றுவிட்டு ஏணிப்படியில் உட்கார்ந்து கிளிப்புகளை வைத்து ரயில் விட்டுக்கொண்டிருந்தான்.

பதினோரு மணி வாக்கில் அந்தப் பெண் வந்தாள். நனைந்த சேலை, தோளில் பை, கையில் நோட்டு. நான் வாசலை அடைத்துக்கொண்டு நின்றேன்.

“மம்மி கஹான் ஹை?” அம்மா எங்கே என்றாள்.

“பாஹர் கயி.” வெளியே போயிருக்கிறாள் என்றேன்.

“கர் மே கிஸி கோ புகார்?” வீட்டில் யாருக்காவது காய்ச்சலா என்று கேட்டாள்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. அதை இன்றைக்கும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். திரும்பிப் போய்த் தம்பியின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். குளிர்ச்சியாக இருந்தது. கழுத்திலும் தொட்டுப் பார்த்தேன். அதன் பிறகுதான் வந்து ‘நஹி’ என்றேன். நேற்று இருந்தது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் நேற்றைப் பற்றிக் கேட்கவில்லை. சொன்னால் உள்ளே வருவாள், மேலே ஏறுவாள், கடிதங்களைப் பார்ப்பாள், அப்பாவுக்கு வேலை போய்விடும். இதெல்லாம் அப்போதே யோசித்தேனா, பிற்பாடு சேர்த்துக்கொண்டேனா என்று எனக்கே இப்போது நிச்சயமில்லை.

“பக்கா?”

“பக்கா.”

“ஷாணி முல்கி” என்று என் கன்னத்தைத் தட்டினாள். சமர்த்துப் பெண்ணாம். சாக்பீஸால் கதவுச் சட்டத்தில் வீட்டு எண், தேதி, அதற்கடியில் ஒரு பூஜ்யம் எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். காய்ச்சல்காரர் எத்தனை பேரோ அந்த எண்ணை எழுதுவார்கள். பூஜ்யம் வாங்கியதில் பரீட்சை முடிந்தது போல எனக்கு ஒரு நிம்மதி.

சனிக்கிழமை சாயங்காலம் தம்பிக்குக் காய்ச்சலோடு வலிப்பு வந்தது. அப்பா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு சந்தில் ஓடினார். அம்மா செருப்பில்லாமல் பின்னால் ஓடினாள். ஆஸ்பத்திரியில் மலேரியா என்றார்கள், மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள், ஏன் முன்பே ரத்தம் பார்க்கவில்லை என்று கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவனை வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுபோனார்கள். அவனுக்குப் போட்டோ ஒன்றுகூட எடுத்துவைத்திருக்கவில்லை.

அன்று சாயங்காலம் அடுத்த வீட்டு அக்கா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவள் மகனுக்கும் காய்ச்சல்தான். வெள்ளிக்கிழமை வந்த பெண் விரலில் குத்திப் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போனாளாம், இப்போது எழுந்து உட்கார்ந்துவிட்டானாம். சொல்லக்கூடாத நேரத்தில் சொல்லிவிட்டோம் என்று உணர்ந்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

அம்மா நிமிர்ந்தாள். “நம்ம வீட்டுக்கு ஏன் வரல அவ?”

அப்பா வாசல் பக்கம் பார்த்தார். உட்கார்ந்த இடத்திலிருந்தே சாக்பீஸ் எழுத்து தெரிந்தது. ஆங்கிலம் தெரியாவிட்டாலும் எண்கள் அவருக்குத் தெரியும். பிறகு ஏணியடியில் நின்ற என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தது போல இருந்தது.

“வந்தா” என்றார். “நான் மத்தியானம் தாளத் திருப்பிப்போட வந்தேம்லா, அப்ப வந்தா. ஒருத்தருக்கும் ஒண்ணுமில்லன்னு நாந்தான் அனுப்பிட்டேன்.”

அம்மா அவரை அடிக்கவில்லை, கத்தவுமில்லை. அதன்பிறகு அவர் இறக்கும்வரை, பதினேழு வருடம், அவரிடம் நேராக ஒரு வார்த்தை பேசவில்லை. “சாப்பிட வரச் சொல்லு”, “மாத்திரை போட்டாச்சான்னு கேளு” எல்லாம் என் வழியாகத்தான். நானும் கேட்டுக் கேட்டுச் சொன்னேன். வேலை நிரந்தரமான நாளன்று அப்பா வாங்கிவந்த பேடா டப்பா பிரிக்கப்படாமல் இருந்து பூசணம் பிடித்தது. அந்த மூன்று விரல் தடம் பதிந்த கடிதம் ஏதோ ஒரு பெட்டியில் இன்னும் இருக்கும். அதைப் பார்க்கிற யாரும் மழையில் மை கரைந்தது என்றுதான் நினைப்பார்கள்.

அம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் இந்த வயதில் அவள் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பாள் என்று ஒரு நாள் தோன்றும். அது சாக்குதானே என்று மறுநாள் தோன்றும்.

ஆனால் அன்றைக்கு நான் இப்படியெல்லாம் நினைக்கவில்லை. அப்பா வெள்ளிக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வரவே இல்லையே, புதன்கிழமைதானே வந்தார், துக்கத்தில் கிழமையைக் குழப்பிக்கொண்டாரே என்றுதான் நினைத்தேன். திருத்தினால் எனக்குத் திட்டு விழும் என்று பேசாமல் இருந்துவிட்டேன். மறுநாள் காலையில் அவர் காய்ந்த கட்டுகளைச் சாப்பாட்டுப் பையில் அடுக்கி வைத்துவிட்டு, கையை நனைத்துக்கொண்டு வந்து, கதவுச் சட்டத்தில் இருந்த பூஜ்யத்தைத் தேய்த்துத் தேய்த்து அழித்தார். பை உரசினால் கடிதங்களில் சாக்பீஸ் ஒட்டிவிடும், அதற்காகத்தான் அழிக்கிறார் என்று நினைத்து, நானும் ஓடிப்போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.