டாக்டர் சொன்ன தூள்

பிரபா எங்கள் வீட்டைவிட்டுப் போனது சாம்பல் புதனன்று. காலைப் பூசை முடிந்து நெற்றியில் சாம்பலோடு வந்த டோரதி அத்தை, சோப்புத்தூள் டப்பாவைத் தூக்கிக்கொண்டு நேராகத் துணி துவைக்கும் கல்லுக்குப் போனாள்.

“நல்ல தூள உன் வீட்டுக்குக் கொண்டுபோய்ட்டு, இதுல மட்டமானத கலந்து வெச்சிருக்க. உண்மையச் சொல்லு.”

“இன்னா ஆன்ட்டி, பதினோரு வருஷமா தொவைக்கிறேன். இன்னிக்கிதான் திருடி ஆனேனா?”

பிரபா ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள். வீட்டுச் சாவியைக் கல்லின்மேல் வைத்துவிட்டு ஸ்ரீராம்புரம் பஸ்ஸுக்கு நடந்தாள். இரண்டு வருடம் ஊர் சுற்றிவிட்டுக் காக்ஸ் டவுன் வீட்டுக்கு வந்து பத்து நாள்கூட ஆகாத நான், காபியோடு படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அத்தை பள்ளி அலுவலகத்தில் முப்பது வருடமாக டி.சி. எழுதுகிறவள். பால் பாக்கெட்டைக்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துத்தான் வாங்குவாள். கிறிஸ்துமஸிலிருந்து அவளுக்கு இடது கன்னமும் கழுத்தும் சிவந்து, தடித்து, அரித்தன. தோல் டாக்டர் அவசரத்தில் கன்னடத்தில் ஒரே வரி சொன்னார்: “தூளிந்தலே ஆகிரோது.” அத்தைக்குக் காய்கறி வாங்கும் அளவுக்குத்தான் கன்னடம். “தூளாலதான்னு டாக்டரே சொல்லிட்டாரு” என்று வந்தாள்.

பிரபா போனபின் அத்தையே துவைத்தாள். விட்டுப்போன அழுக்கு இருக்குமோ என்று கொதிக்கும் வெந்நீரில், பீர்க்கங்காய் நாரால் தினம் இரண்டு முறை தேய்த்துக் குளித்தாள். மே விடுமுறையில் சிவப்பு மெல்ல வடிந்தது.

“பாத்தியா நிக்கோல்? அவ போனா, அரிப்பும் போச்சு.”

ஜூனில் பள்ளி திறந்தது. இரண்டாவது வாரமே அரிப்பு திரும்பியது. இப்போது சந்தேகம் என்மேல்.

“எந்த நாட்டுப் பூச்சிய மூட்டை கட்டிக் கொண்டாந்தியோ!” என்று என் பையை மொட்டைமாடிக்கு அனுப்பினாள். என் சென்ட் பாட்டில் காணாமல் போனது. நானும் அவளைக் கவனிக்கத் தொடங்கினேன். ஏன் இடது பக்கம் மட்டும்?

ஒரு மதியம் சாப்பாட்டுக் கேரியரை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனேன். அத்தையின் நாற்காலிக்கு இடப்பக்கம் ஜன்னல். மதிலுக்கு அந்தப்புறம் புது அடுக்குமாடி எழும்பிக்கொண்டிருந்தது. டீசல் ஜெனரேட்டர் நேராக ஜன்னலைப் பார்த்துப் புகை விட்டது. மேஜைமேல் விரலால் கோடு போட்டேன். விரல் சாம்பல் நிறமானது.

மறுநாள் அத்தையோடு நானும் டாக்டரிடம் போனேன். ஜன்னல் புகையைச் சொல்லி, “எந்தச் சோப்புத்தூள் சார் ஆகாது?” என்று கேட்டேன். அவர் சிரித்தேவிட்டார்.

“தூளுன்னா கன்னடத்துல தூசிம்மா! தோல் மேல எண்ணெய்ப் பூச்சு மாதிரி ஒண்ணு இருக்கு. டீசல் பொகையும் சிமென்ட் தூசியும் அத அரிச்சிடும். வெந்நீர் போட்டுத் தேய்ச்சா மிச்சமும் போய்டும். அப்புறம் உள்ள எது வந்தாலும் ஒடம்பு எதிரின்னு நெனச்சு சண்டைக்கு நிக்கும்.”

திரும்பும் வழியில் ஆட்டோ சிக்னலில் நின்றபோது அத்தை சொன்னாள். “முப்பது வருஷத்துல டி.சி.ல ஒரு எழுத்து தப்பா விட்டதில்ல.”

அன்று மாலையே வாட்ஸப்பில் எழுதினாள்: “பிரபா, தூள் இல்ல, தூசியாம். தப்பு என்னுது. உன் வேலை உனக்குத்தான். வா.” இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் இல்லை. “படிச்சிட்டு சும்மா இருக்கா பாரு. மனசுல என்ன வெச்சிருக்காளோ” என்று தினமும் போனைத் திறந்து பார்த்தாள். நாற்காலி எதிர்ச் சுவருக்கு மாறியது, வெந்நீர் நின்றது, களிம்பு பூசினாள். கழுத்து ஆறியது. பிரபா வைத்துப்போன சாவி மட்டும் ஆணியிலேயே தொங்கியது.

அடுத்த தவக்காலம் தொடங்கும் முன்பு பதில் வந்தது. முதலில் ஒரு படம்: இரண்டு உள்ளங்கைகள், தோல் உரிந்து, விரல் மடிப்பெல்லாம் வெடித்து. கீழே:

“ஆன்ட்டி, இது இன்னிக்கி வந்தது இல்ல. உங்க வீட்டுல இருந்தப்பவே இப்டித்தான். நீங்க டப்பாவத்தான் பாத்தீங்க. அதே டாக்டர்கிட்ட போனேன். ரெண்டு வாட்டி கேட்டுக்கிட்டேன், எனக்கு சோப்புத்தூளேதானாம். நான் வர்ல. நீங்க தொவைக்கறப்ப கிளவுஸ் போட்டுக்கோங்க.”