வெளிப்பக்கப் பூட்டு

என் மகனும் மருமகளும் கோரமண்டல் ஸ்டேஷனில் காலை ரயிலைப் பிடித்து பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள். போகும்போது கதவை வெளியே பூட்டிவிட்டுப் போவார்கள். நான் உள்ளே. ராபர்ட்சன்பேட்டை கடைத்தெருவில் ஒருமுறை தலைசுற்றி விழுந்தேன். யாரோ போன் செய்ய, மகன் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். அதிலிருந்து இந்த ஏற்பாடு. "உன் நல்லதுக்குத்தாம்பா" என்றான். எங்களுடையது தங்கச் சுரங்கக் காலத்து லைன் வீடு, வரிசையில் சுவரோடு சுவர் ஒட்டியது, கக்கூஸ் வெளியே. எனக்காக உள்ளே ஒரு பக்கெட் வைத்தார்கள். என் நல்லதுக்கு நாற்றம் கொஞ்சம் அதிகம்தான்.

ஒருநாள் சாவி கேட்டேன். கையை முறுக்கிக் கட்டிலில் தள்ளினான். "இன்னொரு வாட்டி ஊரக் கூட்டுன, எங்கனா ஆசிரமத்துல உட்டுட்டு வந்துடுவேன்." தினமும் ரயிலில் நின்றுகொண்டே போய்வருகிறவன், அலுப்பு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கை என்னவோ நீலமாகத்தான் இருந்தது.

போன மாதம் பக்கெட்டுக்குப் பக்கத்தில் வழுக்கி விழுந்தேன். எழுந்திருக்க முடியவில்லை. கைக்கு எட்டியது தண்ணீர் டம்ளர்தான். அதை எடுத்துச் சுவரில் தட்டினேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவன் என்னோடு ஒரே ஷிப்டில் சுரங்கத்தில் இறங்கியவன். ஒருமுறை ஏர்பிளாஸ்ட் வந்து, பாறை தானாகவே வெடித்துச் சரிந்து நான் அடைபட்டபோது, இரும்புக் குழாயில் நான் தட்ட, பதிலுக்குத் தட்டியவனும் அவனே. கீழே அதுதான் வழக்கம். தட்டினால் பதில் வரவேண்டும். வராவிட்டால், பிணத்துக்குத்தான் தோண்டுகிறோம் என்று கைகள் மெதுவாகிவிடும்.

அவன் பதிலுக்குத் தட்டினான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஜன்னலுக்கு ஓடிவந்து கத்தினான். நான் கிடந்த மூலை அங்கிருந்து தெரியாது.

"இன்னா அண்ணா, உழுந்துட்டியா? பூட்ட ஒடைக்கட்டா?"

உடை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். உடைந்த பூட்டை மகன் பார்ப்பான். பெத்த அப்பனைப் பூட்டிவைக்கிறான் என்று லைன் முழுக்கப் பேசும். அப்புறம் அவன் என்னை என்ன செய்வான்? பயமாக இருந்தது. அவன் மானம் போகுமே என்றும் இருந்தது, அந்த வெட்கங்கெட்ட பாசத்தை என்ன சொல்ல!

"ஒண்ணும் இல்லப்பா. கரப்பான் அடிச்சேன். நீ போ."

போனான். நம்பவில்லை போலிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் சுவரில் மறுபடி தட்டினான். நிறுத்தினான், காத்திருந்தான், திரும்பவும் தட்டினான். நான் டம்ளரை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். தட்டுவது வரவர மெதுவாகி, நின்றுவிட்டது.